கடலுக்குப் போகாத வீரர்கள்

ஞாயிறு, இரவு.

இன்றும் பகடை உருட்டி விளையாடும் கதையை நான்தான் நடத்தினேன். வீரர்களாக ஆடியவர்கள் நாலு பேரும் பேசாலைக் கடற்றொழிலாளர்கள். ஒரு கிழமையாக யோசித்து உருவாக்கிய பூதத்தீவுக்கு அவர்களைப் படகில் ஏற்ற வேண்டும். "ஞாயிறு விடிகிறது, படகு தயார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை. நாங்கள் கடலுக்குப் போறேல்லை" என்று கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"இது கதையடா!" என்று கத்தினேன். பகடையை எறியக் கையும் ஓங்கிவிட்டேன்.

நால்வரில் ஒருவனான அன்ரன் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினான். "குடி மச்சான். ஞாயிறெண்டா பூதமும் பூசைக்கு வருமெல்லோ? கோயில் வாசல்ல வச்சுப் பிடிப்பம்."

சிரித்த சிரிப்பில் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கதையை அப்படியே மாற்றி ஆடினோம்; வாசல் சண்டை என் தீவைவிட நன்றாக வந்தது.

அவனுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. நாளை திங்கள். நான் எழும்பும் முன்னே அவன் கடலில் நிற்பான்.