இரண்டு கம்பிகளில் ஒரு குரல்

நாள் 41 — 05:10

இல்லை, பாட்டுக் கேட்பதற்காகக் கொண்டுவரவில்லை. சொந்தப் பொருளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் எடை அனுமதித்தார்கள். என் பங்கில் வீட்டு ரெக்கார்டர், ஒரு ஜோடி பவர் ஸ்பீக்கர், ஒரு பை நிறையக் கேபிள்கள். சென்னையில் வாடகை அறையில் லிஃப்ட் சத்தத்தையும் தண்ணீர் மோட்டாரையும் பதிவுசெய்துகொண்டிருந்தேன். இங்கே காற்றுப் பம்பு. லூர்துராஜ் அண்ணன் ஏன் என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை.

நிலவின் தென்முனை நிலையம். நாங்கள் இருவர். நான் தமயந்தி, நில அதிர்வுக் கணிப்பு. அவர் தூத்துக்குடிக்காரர், வண்டிகளும் பழுதுகளும் அவர் பொறுப்பு. அதிர்வுமானிகளைப் பார்க்கப் பெரிய வண்டியில் கிளம்பிவிட்டார். கிழக்கு மேட்டில் ஒன்று, மேற்கில் ஒன்று. எது முதலில் என்று போகிற வழியில் முடிவு செய்வதாகச் சொன்னார்.

எல்லாம் சீர்.

நாள் 41 — 08:25

அதிர்வு. இதுவரை பதிவானவற்றில் பெரியது.

அலமாரி தொடர்பு மேசைமேல் சாய்ந்தது. மேசையின் ஸ்பீக்கர் நசுங்கிவிட்டது, ஹெட்போனும். வெளியே பூமியை நோக்கிய ஆன்டெனா கவிழ்ந்திருக்கிறது. சூரியத் தகடுகளும். நிலையத்தின் மின்கலம் காற்றுக்கும் விளக்குக்கும்தான் போதும்; இனி எதையும் சார்ஜ் செய்ய முடியாது. அடுத்த கப்பல் நாள் 43-இல்.

மைக் வேலை செய்கிறது. ரிசீவரில் விளக்கு எரிகிறது. அவர் பேசினால் ரிசீவருக்குக் கேட்கும். எனக்குக் கேட்காது.

நாள் 41 — 09:10

ரிசீவரிலிருந்து ரெக்கார்டருக்கு ஒரு கேபிள். பொருந்தியது. ரெக்கார்டரின் திரை உடைந்திருக்கிறது. பதிவு ஓடுகிறது என்பதற்குச் சிவப்புப் புள்ளி மட்டும்.

ரெக்கார்டரின் வெளியீடு தடித்த ஜாக். ஸ்பீக்கருக்கு மெல்லிய பின். பையில் அடாப்டர் இருந்தது. ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு. கச்சிதம்.

ஜோடியில் ஒரு ஸ்பீக்கர் செத்துவிட்டது. பிழைத்ததன் முதுகில் ஒரு சுவிட்ச்: இடதையும் வலதையும் ஒன்றாகச் சேர்ப்பது. இருப்பது ஒரே வாய். எதுவும் விட்டுப்போகக் கூடாது. சேர்த்தேன்.

ரீங்காரம். பேச்சு இல்லை.

நாள் 41 — 10:30

மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். எங்கே இருக்கிறீர்கள், எந்த மேடு. பதிலாக ரீங்காரம். அதன் அடியில் எப்போதாவது காகிதம் உரசுவதுபோல் ஏதோ. பம்பாக இருக்கும்.

உடுப்பு ரேடியோவில் அவரைக் கேட்கலாம், ஆனால் அது கண்ணுக்கெட்டும் தூரம்தான் எடுக்கும்; அருகே போயாக வேண்டும். சின்ன வண்டியில் ஒருமுறை போய்த் திரும்பச் சார்ஜ் இருக்கிறது. மேற்கு அதிர்வுமானியைப் பற்றித்தான் வாரம் முழுக்கக் குறைபட்டுக்கொண்டிருந்தார். மேற்கே போகிறேன் என்று மைக்கில் சொன்னேன்.

நாள் 41 — 14:05

மேற்கில் யாரும் இல்லை. பாதி வழிவரை போயும் சக்கரத் தடம்கூட இல்லை.

பாதி வழியில் திரும்பியதால் வண்டியில் பாதிச் சார்ஜ் மிச்சம். அதையும் மைக்கில் சொன்னேன். யாரிடம் என்று தெரியாமல்.

நாள் 41 — 15:20

பேசுவதை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் ரீங்காரம் பெரிதாகிறது. திட்டினேன். போகுமிடம் சொல்லாமல் போகிற மனிதர் என்று, பொறுப்பில்லாதவர் என்று. பிறகு முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்டதைச் சொன்னேன். பிறகு ஒன்றுமில்லாததை.

நடக்கிறேன். உட்காருகிறேன். ஆறு எட்டு வைத்ததும் அறை முடிந்துவிடுகிறது.

நாள் 41 — 16:40

இந்த ஒலியை இனித் தாங்க மாட்டேன். ஸ்பீக்கரைக் கழற்றப்போகிறேன் என்று மைக்கில் சொல்லிவிட்டு ஜாக்கை இழுத்தேன். பாதி வெளியே வந்தது. ஸ்பீக்கரில் லூர்துராஜ் அண்ணன்:

"...கழட்டிட்டியா? சரி புள்ள. செத்த நேரம் படு."

நாள் 41 — 16:55

நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ரெக்கார்டரின் தடித்த ஜாக் ஒரே குரலை இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது. ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் சேரும் இரைச்சலை மறுமுனை கழித்துவிடுவதற்காக. இது எனக்குத் தெரியும். பாடமாகப் படித்திருக்கிறேன். என் அடாப்டர் அந்த இரண்டையும் இடது, வலது என்று எடுத்துக்கொண்டது. நான் சுவிட்சைப் போட்டு இரண்டையும் சேர்த்தேன். ஒரு கம்பியின் அலைமேட்டை மற்றதன் பள்ளம் நிரப்பி, குரல் அழிந்து சமதளமாகிவிட்டது. இரண்டு கம்பிகளிலும் ஒன்றுபோல் ஏறியது மட்டும் மிஞ்சியது: இந்த நிலையத்தின் மின்சார இரைச்சல்.

காலையிலிருந்து அவருடைய மௌனம் என்று நான் கேட்டது என் வீட்டை.

ஜாக்கைப் பாதி செருகிய நிலையில் டேப் சுற்றிவிட்டேன். ஒரு கம்பி மட்டும். குரல் வருகிறது.

நாள் 41 — 17:15

"இப்பதான் காது வந்துச்சாக்கும். நான் காலையிலேருந்து தொண்டை கிழியக் கத்திட்டுக் கெடக்கேன்."

கிழக்கு மேட்டில் இருக்கிறார். சரிவு இடிந்து வண்டி பாதி புதைந்திருக்கிறது. அடி இல்லை என்கிறார். காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன்.

"காத்தா? எக்கச்சக்கமா இருக்கு. கப்பல் வர்ற வரைக்கும் காலை நீட்டிட்டு உக்காந்திருப்பேன். நீ வந்துராத. பாதிச் சார்ஜுல வந்தா திரும்பிப் போக முடியாது."

சரி என்றேன். கொஞ்சம் கண் அசரப்போவதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, நல்ல அழுகை.

நாள் 41 — 18:20

ரெக்கார்டருக்குள் குரல் கெடவில்லை. கெட்டது ஸ்பீக்கருக்குப் போகும் வழியில்தான். காலையிலிருந்து எல்லாம் பதிவாகியிருக்கிறது. அவர் உறங்கும்போது ஓட்டி ஓட்டிக் கேட்டேன்.

நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. நான் மேற்கே போகிறேன் என்று சொன்ன இடத்தில்:

"மேக்க போகாத. ஏ புள்ள, மேக்க இல்ல, கெழக்க. கெழக்க."

பிறகு நான் இல்லாத அறையில் அவர் பேசிய நேரம். வெகு நேரம் மூச்சு மட்டும். பிறகு, நிதானமாக:

"தங்கச்சி, காத்துக் குழாய் கசியுது. ஒட்டிப் பாத்தேன், நிக்கல. நாளைக்குக் காலைக்குமேல தாங்காது. திரும்பி வந்து இதக் கேட்டீன்னா, காத்து உருளைய எடுத்துட்டு சீக்கிரம் வா."

பிறகு நான் திரும்பிவந்து பாதிச் சார்ஜ் மிச்சம் என்று சொன்ன இடம். அவருக்கு அது கேட்டிருக்கிறது.

"பாதியா. அப்ப வேண்டாம்."

அதற்குப் பிறகு குழாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் திட்டியதற்குச் சிரித்திருக்கிறார். "திட்டு, திட்டு. சத்தம் கேட்டாப் போதும்." ஆய்வைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கிறார். பதில் வராது என்று தெரிந்தே.

சற்றுமுன் எனக்குக் கேட்கும்படி சொன்னது பொய். என் காது செவிடாயிருந்தபோது சொன்னது உண்மை.

நாள் 41 — 18:45

விழித்துக்கொண்டார்.

"என்ன புள்ள, சத்தத்தக் காணோம்?"

களைப்பாக இருக்கிறது, படுக்கப்போகிறேன் என்றேன். நல்லது என்றார். பதிவைக் கேட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார். தடுத்தால் நான் நின்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இதைப் படிப்பவருக்கு. எங்களை நிலையத்தில் தேட வேண்டாம். கிழக்கு மேடு, இடிந்த சரிவு. மிச்சமிருக்கும் சார்ஜ் அங்கே போய்ச் சேரப் போதும். நான் கொண்டுபோகும் காற்று கப்பல் வரும்வரை இருவருக்கும் போதும், சரிவு இன்னொரு முறை இடியாவிட்டால். முதலில் அங்கே வாருங்கள்.

மைக்கை அணைத்தேன். ஆறு காற்று உருளைகளைச் சின்ன வண்டியில் ஏற்றிக் கட்டினேன். உடுப்பை மாட்டிக்கொண்டேன். இந்தக் குறிப்பை மேசைமேல் வைத்துவிட்டு வெளிக்கதவைத் திறக்கப்போகிறேன்.