படிப்பாதையை மறிச்ச சுவர்

கண்டி
09.10.2011

என்ட அன்பு மகன் முனாப்,

அஸ்ஸலாமு அலைக்கும். மெல்பன்ல நீயும் மருமகளும் உடம்புக்கு ஒண்டுமில்லாம இருக்கணும் எண்டு ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்கிறேன். என்ட முழங்கால் வலி பழையபடிதான். கம்பளையில ஒன்ட ராத்தாட கடைசி மகள் குர்ஆன் ஓதி முடிச்சிட்டா, வட்டிலாப்பம் செஞ்சி எல்லா வீட்டுக்கும் குடுத்தோம். வாப்பாவுக்குத்தான் சுகமில்ல. போன்ல சொன்னா நீ பேச்சை மாத்திடுவ, அதனாலதான் எழுதுறேன், முழுக்க வாசி.

வெளிநாடு போறதுக்கு முன்னால நீ நம்ம தெருவுக்குப் படம் போட்டுக் குடுத்தியே, பள்ளிவாசலுக்கும் மையத்தை அடக்குற மையவாடிக்கும் நேரா இறங்குற பழைய படிப்பாதையை மூடிச் சுவர் கட்டி, அதுக்கு முன்னால மரமும் பெஞ்சும் வச்ச சதுக்கம், பக்கத்தால வளைஞ்சி போற புதுப் பாதை, அதைப் பத்தித்தான் சொல்லப் போறேன். அண்டைக்கு மேசையில படத்தை விரிச்சி, நகர வடிவமைப்பு எண்டா கட்டடம் கட்டுறது மட்டும் இல்ல உம்மா, கட்டடங்களுக்கு நடுவில மனுசர் நடக்க, நிக்க, கதைக்க, பயமில்லாம இருக்க இடம் உண்டாக்குறது எண்டு சொன்னாய். குடை பிடிச்ச ரெண்டு பேர் ஒரசாமப் போகணும், மழைக்கு வழுக்கக் கூடாது, மறைவான மூலை இருக்கக் கூடாது எண்டு ஒவ்வொண்டா அளந்து காட்டினாய். எனக்குப் பெருமையாத்தான் இருந்திச்சி. பள்ளி நிர்வாகத்தில இருந்த வாப்பாதான் முதல் கையெழுத்துப் போட்டார். ஆனா மையத்தை வச்சித் தூக்குற சந்தூக்கை யாரும் நினைக்கல்ல மகன். நாலு பேர் தோள்ல சுமக்கிற ஜனாஸா ஒன்ட பாதையில எப்படித் திரும்பும் எண்டு நீயும் அளக்கல்ல, நாங்களும் கேக்கல்ல. படத்துக்கு முன்னால குந்திக்கிட்டு மவுத்தைப் பத்தி யார்தான் கதைப்பாங்க.

நோன்புக்கு முந்தி முன்வீட்டு சாஹுல் ஹமீது நானா மவுத்தானார். லுஹர் தொழுகைக்குப் பொறகு தூக்கினாங்க, நான் மேல் ஜன்னலால பாத்துக்கிட்டு இருந்தேன். புதுப் பாதையில ரெண்டாவது வளைவில சந்தூக்கு இறுகிடுச்சி. சரிக்கவும் ஏலாது, கீழ வைக்கவும் மனசு வராது, பின்னுக்கு வந்தாங்க. வந்தவங்க சுத்திப் போற பெரிய ரோட்டுக்குப் போகல்ல மகன். அத்தனை பேரும் நேரா நடந்து சுவருக்கு முன்னால போய் நிண்டாங்க. கலிமா சொல்லிக்கிட்டு வந்த சத்தமும் நிண்டிடுச்சி. ஒன்னோட படிச்ச பளீல் முன்னுக்குப் பிடிச்சிருந்தான், அவன் திரும்புங்க எண்டு கத்தின பொறகுதான் ஆக்கள் அசைஞ்சாங்க. பொறகு என்னிட்ட வந்து, எங்கட கால் எங்களக் கேக்கல்ல சாச்சி, அங்கால இருந்து யாரோ சந்தூக்கைப் பிடிச்சி இழுத்த மாதிரி இருந்திச்சி எண்டு அழுதான். போன மாசம் இன்னொரு ஜனாஸா. பெரிய ரோட்டாலதான் போறது எண்டு முடிவெடுத்துத்தான் தூக்கினாங்க, அப்படியும் சுவருக்கு முன்னாலதான் போய் நிண்டாங்க.

இப்ப சதுக்கத்தில ஒருத்தரும் குந்துறதில்ல. நல்ல வெயில்லயும் பெஞ்செல்லாம் ஈரம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு சுவருக்குப் பின்னால பழைய படியில செருப்புச் சத்தம் கேக்குது, இறங்குற சத்தம் மட்டும்தான், ஒருத்தரும் ஏறி வாறதில்ல. நான் இதெல்லாம் நம்புறவள் இல்ல எண்டு ஒனக்குத் தெரியும். எலி எண்டேன், மழைத்தண்ணி எண்டேன், இப்ப எனக்கே பயமா இருக்கு. வாப்பா ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு அங்க போறார். ஓரத்தில ஒதுங்கி நிண்டு, யாருக்கோ வழி விடுற மாதிரி ஸலாம் சொல்லுறார். இருதயம் பலவீனம், வெளியில விடாதீங்க எண்டு டொக்டர் சொல்லியிருக்கார், நான் சத்தம் போட்டா மனுசன் சிரிக்கிறார். முந்தாநாள் பள்ளியில சந்தூக்கை டேப்பால அளந்து, கைப்பிடியோட எட்டடி எண்டு துண்டில எழுதிக்கொண்டு வந்தார். முனாப்புக்கு அனுப்பவா எண்டு கேட்டேன். வேணாம், ஊர்ல பிள்ளைட பேர் கெட்டுடும் எண்டு கிழிச்சிப் போட்டார்.

பளீல் மாநகரசபை ஒப்பீசில போய்க் கேட்டான். படம் போட்டவரே பிழை எண்டு எழுத்தில குடுத்தா சுவரை ஒடைச்சிடலாம், இல்லாட்டி வருசக்கணக்கில இழுபடும் எண்டாங்களாம். ஒரு கடிதம்தான் மகன், வெக்கப்படாத, பிழை விடாத மனுசர் யார்? நேத்து வாப்பா வெள்ளனத் திரும்பி வந்தார், முகம் அவ்வளவு தெளிவு. இவ்வளவு நாளும் நான் அவங்களுக்கு ஒதுங்கி நிண்டேன், இண்டைக்கு அவங்க எல்லாரும் எனக்கு ஒதுங்கி வழி விட்டாங்க எண்டு சொல்லிட்டு, தேத்தண்ணி கேட்டுக் குடிச்சிட்டுப் படுத்தார். இதை எழுதக்குள்ளயும் படுத்துத்தான் இருக்கார். மூச்சு இருக்கா எண்டு ரெண்டு தரம் போய்ப் பாத்திட்டேன்.

அல்லாஹ் ஒனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல பிள்ளைகளையும் தரட்டும். மருமகளுக்கு ஸலாம் சொல்லு, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. கடிதத்தை இண்டைக்கே எழுது. ஒன்ட வாப்பாவை ஒன்ட சுவருக்கு முன்னால நிக்க வச்சிடாத மகன்.

துஆவோட,
ஒன்ட உம்மா
சித்தி றலியா