லோஷினியின் ஊரில் ஒரு வாரம்

25 அக்டோபர், சனி
காலையிலிருந்து மழை. காலில் மாவுக்கட்டு, இன்னும் மூன்று வாரம். மெர்லிமா ஊரிலேயே, நிறுத்தி வைத்த மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்தவன் நான் ஒருவன்தான். ஓடும்போது விழுந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது முடியும். சுங்கை ஊடாங்கில் சாரம் கட்டும் வேலைக்கு லீவு. இந்தத் தீபாவளிக்கு, எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைக்கும் ஓப்பன் ஹவுஸும் இல்லை. ஒரே ஆளாகச் சமைக்க முடியாது என்று மகேஸ் சொல்லிவிட்டாள். மனைவி சொன்னால் சரி.

மகள் லோஷினி, படிவம் நான்கு, பதினாறு வயது. என்னிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போன் மாட்டினால் வேறு பிள்ளை. என்ன சிரிப்பு, என்ன அதட்டல். இன்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன், என்னையும் சேர்த்துக்கொள் என்று. ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஒரு வாரம் டிரயல். அப்புறம் ஓட்டு. எல்லாருக்கும் அதே ரூல்தான்பா."

26, ஞாயிறு
விளையாட்டு இதுதான்: கட்டைகளை அடுக்கி ஊர் கட்டுவது. ஐந்து பிள்ளைகள், எட்டு மாத உழைப்பு. லோஷினி தலைவி. ஹக்கிம் வயல். மெய் லிங் சந்தை. ஜொகூர் இரட்டையர் இருவரும் சுவர், சுரங்கம். லோஷினி இவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை.

இன்று இரவல் லேப்டாப்பில் நான் செய்தவை:
குழியில் விழுந்தது (3 தடவை).
பசுவை அடித்தது, தெரியாமல்.
மகளை அடித்தது, அதுவும் தெரியாமல்.

28, செவ்வாய்
வெயில். கட்டுக்குள் அரிப்பு. மகேஸின் பின்னல் ஊசி உதவியது, அவளுக்குத் தெரியாது.

லோஷினி ஊரைச் சுற்றிக் காட்டினாள். படகுத்துறை, நூலகம், மணிக்கூண்டு. மூன்று மாடி சாரம், ஒரு கட்டை கோணல் இல்லை. இருபது வருஷமாக இதே தொழில் செய்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இரட்டையருக்குள் இடத் தகராறு. இவள் இரண்டு பக்கமும் கேட்டு, சத்தம் போடாமல், பத்து நிமிஷத்தில் முடித்தாள். எங்கள் சூப்பர்வைசரை இவளிடம் டியூஷனுக்கு அனுப்பலாம்.

இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஊருக்காக மட்டும் இல்லை. இங்கே அவள் என்னிடம் பேசுகிறாள்.

30, வியாழன்
எழுதவே கூச்சம்.

எனக்குச் சுவரோரம் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். ஓட்டுக்கு முன்னால் நல்ல பேர் வாங்கலாம் என்று ஓப்பன் ஹவுஸ் வைத்தேன். ரொட்டி, கோழி, பூசணிப் பணியாரம் எல்லாம் மேசையில். "எல்லாரும் வாங்க" என்று போர்டு. யாரும் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாதே என்று கதவைக் கழற்றினேன். வெளியூர்க்காரர் சுற்றி வரவேண்டாமே என்று பின்பக்கம் ஊர்ச்சுவரையும் இடித்து வழி விட்டேன்.

நம் வீட்டில் மாலை நாலு மணி. விளையாட்டில் இருட்டிவிட்டது. இருட்டினால் பேய்கள் நடமாடும் என்று லோஷினி முதல் நாளே சொன்னாள்தான். வந்தன. என் வீடு வழியாக வரிசையாக ஊருக்குள். சந்தையில் ஏழு வியாபாரிகளும் காலி. நிஜ ஆள்கள் இல்லை, கம்ப்யூட்டர் ஓட்டும் ஆள்கள்தான். ஆனால் மெய் லிங் ஒவ்வொருவரையும் தூரத்து ஊரிலிருந்து படகில் ஏற்றி வந்து பெயர் வைத்தவள்.

ஹக்கிம் மட்டும் வந்து கோழி சாப்பிட்டான். "அங்கிள், சாப்பாடு சேடாப் லா" என்றான். ருசி என்கிறான், பாவம். மெய் லிங் ஏழு கடைகளின் பெயர்ப் பலகையையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அதுதான் தாங்கவில்லை.

31, வெள்ளி
ஒற்றை விரலால் மெய் லிங்குக்கு மன்னிப்பு அடித்தேன். ஓகே அங்கிள் என்று பதில். லோஷினி பள்ளி விட்டு வந்து நேராக அறைக்குள் போய்விட்டாள். நாளை ஓட்டு. மகேஸ் கேட்கிறாள், பரீட்சைக்குக்கூட இப்படிப் பயந்திருப்பீர்களா என்று. இல்லை.

1 நவம்பர், சனி
மணிக்கூண்டுக்குக் கீழே கூடினார்கள். ஹக்கிம், இரட்டையரில் ஒருவன்: இருக்கட்டும். மெய் லிங், மற்றவன்: வேண்டாம். இரண்டுக்கு இரண்டு. தலைவி ஓட்டு பாக்கி.

பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பாங்கிறதுக்காக ஓட்டுப் போட முடியாது. இன்னைக்கு வேணாம். ஒரு மாசம் கழிச்சு திரும்பக் கேக்கலாம்."

 ஊர் வாசல் வழியாக வெளியே நடந்தேன், விளையாட்டில்தான். வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்பாவுக்குத்தான் போட்டிருப்பேன். அது தப்பு. இந்த நியாயம் இவளுக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை. மகேஸ் பக்கமாக இருக்கும்.

2, ஞாயிறு
தூறல். காலைப் பசியாறல் தோசை. சுவருக்கு வெளியே தனியாக மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தேன். லோஷினி வாசல் திறந்து வந்தாள்.

"தள்ளுங்கப்பா. இப்படித் தோண்டினா இன்னைக்கே செத்துருவீங்க."

ஊர்ப் பொறுப்பை ஹக்கிமிடம் கொடுத்துவிட்டாளாம், கொஞ்ச நாளைக்கு. இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தாள். மரம் வெட்டுவது, படகு செய்வது, நடுவில் பள்ளியில் யாரோ ஒரு தோழி பேசுவதில்லை என்பதும். பாதி புரியவில்லை, குறுக்கே பேசவும் இல்லை.

நாளை பள்ளி விட்டதும் இரண்டு பேரும் படகில் கிழக்கே. மெய் லிங்குக்கு வியாபாரிகளைத் தேட. ஏழு பேர் வேண்டும். மெதுவாகக் கிடைக்கட்டும்.