ஒவ்வொரு ஆனைக்கும் ஒரு மொட்டை

போன வாரம் சித்தூரில் பல் டாக்டரம்மா என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோது உன் ஞாபகம் வந்தது. வலியால் இல்லை. ஊசி போட்டு மரத்துப்போக வைத்திருந்தார். வாசனைதான். மயிர் பொசுங்குகிற வாசனையில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்த மாதிரி இருந்தது. ஓடையோரம் வயசாகிச் செத்துக் கிடந்த ஆனையின் தந்தத்தை, சர்க்கார் கிடங்குக்கு அனுப்புவதற்காகக் கால்நடை டாக்டர் அறுத்தாரே, அன்றைக்கும் இதே வாசனைதான். நாம் ரெண்டு பேரும் தும்பிக்கையைப் பிடித்து ஒதுக்கிக்கொண்டிருந்தோம். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "பல்லுடா இது. உன் வாயில கீறதும் இதுவும் ஒண்ணுதான். ஒரு பல்லுக்காவ ஆனையைக் கொல்றானுங்க பாரு."

என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு "வலிக்குதா?" என்று டாக்டரம்மா கேட்டார். இல்லையென்று கையைக் காட்டினேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தால், சுவரில் மாட்டியிருந்த டிவியில் நம் சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது, மறு ஒளிபரப்பு. நம் சீரியல் என்றால் உனக்குப் புரியாது, அது நீ போன பிறகு வந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதோடு உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும்.

பதினோரு வருஷம் ஒரே கோபுரத்தில் உட்கார்ந்திருந்தோம், காட்டிலாகாவின் தினக்கூலி வாட்சர்களாக. பலமனேர் பக்கத்துக் காட்டிலிருந்து ஆனை இறங்கினால் ஊருக்குப் போன் போடுவதும், தகரம் தட்டித் திருப்பி அனுப்புவதும் நம் வேலை. ஆபீசில் தெலுங்கு, கோபுரத்தில் தமிழ். ஆனையிடம் மட்டும் நீ மரியாதைத் தெலுங்கில் பேசுவாய். "வெள்ளண்டி சாமி, வெள்ளண்டி", போங்க சாமி, போங்க என்று கெஞ்சுவாய். பக்கத்தில் நிற்கிற எனக்கு "டேய் தடியா, தகரத்தைத் தட்றா". ஆனைக்கு இருந்த மரியாதை எனக்கு ஒருநாளும் உன்னிடம் கிடைத்ததில்லை.

காட்டை ஒட்டி மாந்தோப்பு வைத்திருந்தவனை உனக்கு நான் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. பேரை எழுதமாட்டேன், அவன் பேரை என் கையால் எழுதக் கூசுகிறது. தோப்புக்காரன் என்று சொன்னால் போதும். எதற்கெடுத்தாலும் "சாமி பாத்துக்கும்" என்பான். முதல் கொம்பன் அவன் தோப்பு வேலிக்குப் பக்கத்தில் கரண்டில் அடிபட்டுக் கிடந்தபோது, தந்தம் ரெண்டையும் யாரோ வேரோடு அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நெற்றியில் மஞ்சள் குங்குமம். பக்கத்தில் கற்பூரம் எரிந்த கறை. பத்து நாள் கழித்துத் தோப்புக்காரன் கோபுரத்துக்கு வந்தான். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் திருமலை லட்டு. "வாட்சருங்களுக்கு இல்லாத பிரசாதமா?" என்றான். நாமும் தின்றோம். கையை நக்கிக்கொண்டு தின்றோம்.

ரெண்டாவது கொம்பன் செத்தபோதும் அப்படித்தான். மூன்றாவது கொம்பன் செத்து ஒரு வாரம் ஆனபோது, அவன் லட்டைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போகிறான், நீ பாதி லட்டை வாய்க்குக் கொண்டு போன கையை அப்படியே நிறுத்தினாய்.

"டேய், போன தபா ஆனை செத்தப்பவும் இவன் மொட்டைதான?"

"ஆமா."

"அதுக்கு முன்ன தபா?"

எனக்கும் உறைத்தது. நீ லட்டைத் தூக்கிப் புதரில் எறிந்தாய். "ஆனைன்னா புள்ளாரு. புள்ளாரைக் கொன்னுட்டமேன்னு பயந்துக்கினு மலைக்குப் போயி முடி குடுத்துட்டு வரான்டா. கொல்றதுக்கு முன்னாடி மஞ்சள் குங்குமம் வாங்கி வெச்சிக்கினு கொல்றான். ஒவ்வொரு ஆனைக்கும் ஒரு மொட்டை."

வெளியூர்க் கள்ளனாக இருந்தால் அறுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்திருப்பான். நம் ஊர்க்காரனுக்கு மட்டும்தான் பாவத்தை இறக்கி வைக்க வேண்டும் என்று தோன்றும். இறக்கி வைத்துவிட்டு அடுத்ததைச் செய்யலாம் என்றும் தோன்றும்.

மறுநாளே நீ ஆபீசுக்குப் போய்ச் சொன்னாய். அப்போதிருந்த ஆபீசர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "மொட்டையைப் பாத்துப் புடிக்கணும்னா இந்த ஜில்லாவையே உள்ள வெக்கணும்யா." சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களில் யாரோ ஒருத்தன் அன்று சாயங்காலமே அதைத் தோப்புக்காரன் காதில் போட்டிருக்க வேண்டும். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனிமேல் சொல்லப்போவதுதான் உன்னிடம் நான் சொல்லாதது.

அதற்கு ரெண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், "நீ வூட்டுக்குப் போயி துன்னுட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று என்னை அனுப்பினாய். டூட்டி நேரத்தில் கோபுரத்தை விட்டு இறங்கினால் வேலை போகும் என்று தெரிந்தும் அனுப்பினாய், நானும் போனேன். உன் வீட்டு வழியாகத்தான் போனேன். உன் பெண்சாதி மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போயிருந்தாள், வீடு பூட்டிக் கிடந்தது. தோப்புக்காரனின் டிரைவர் உன் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். டிஷ் ஆண்டெனாவைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான். படம் வரவில்லை என்று நீதான் அவனை வரச் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். பசி வேறு. நிற்காமல் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் சோதனை போட வந்தார்கள். யாருக்கோ தகவல் வந்ததாம். கூரை ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை விட்டு ஒரு துண்டுத் தந்தத்தை எடுத்தார்கள். ஊரே பார்க்க உன்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

டிரைவர் உன் கூரைமேல் என்ன செய்தான் என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. விசாரணையில் அந்த ஆபீசர் முந்தின நாள் மத்தியானத்தைப் பற்றிக் கேட்டார். "நூவு எக்கட உன்னாவு?" நீ எங்கே இருந்தாய் என்று. நீ எதிரில் நின்றுகொண்டிருந்தாய். வீட்டுக்குப் போனேன் என்று சொன்னால்தான் டிரைவரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியும். வீட்டுக்குப் போனேன் என்று சொன்னால் வேலை போய்விடும்.

"டவர்லதான் சார்" என்றேன்.

பொய் என்று உனக்குத் தெரியும். என் வேலைக்காக நீயும் வாயை மூடிக்கொண்டாய். நான் என்ன பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே என்னைக் கன்னத்தில் அறைந்திருப்பாய். அறைந்திருக்க வேண்டும். ஜெயிலுக்கு உன்னைப் பார்க்க நாலு முறை வந்தேன், நாலு முறையும் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஜாமீனில் வெளியே வந்தபோது இருமலோடு வந்தாய். வேலை இல்லை. ஆனை இறங்கினால் ஊரார் உன்னைக் கூப்பிடவில்லை. உன் பெண்சாதியை ஃபேக்டரியில் "தந்தக் கள்ளன் பொண்டாட்டி" என்றார்கள். "கேஸ் நடக்கட்டும்டா, ஜட்ஜ் வாயால நான் கள்ளன் இல்லன்னு கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். கேஸ் விசாரணைக்கு வருமுன் செத்துப்போனாய். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டார்கள். கள்ளன் என்றும் தீர்ப்பில்லை, இல்லை என்றும் தீர்ப்பில்லை. உன் பாடையின் பின்னால் தோப்புக்காரனும் நடந்து வந்தான். "சாமி பாத்துக்கும்" என்று என் தோளைத் தொட்டான். சாமி பார்க்கிறவரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எப்படி என்று மட்டும் தெரியவில்லை. அப்போதுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள். ரேணிகுண்டாவில் விமானத்தை விட்டு இறங்கி, திருப்பதியில் ரூம் போட்டு, தந்தம் கடத்துகிறவர்களைப் பிடிக்கிற போலீஸ் கதை ஒன்றைத் தெலுங்கில் எடுக்கிறோம், ஆனை தெரிந்த ஆள் வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். என்னை அனுப்பினார்கள். கதை எழுதுகிற பெண்ணுக்கு ஆனையைக் காட்டினது ஒரு நாள். வில்லனைக் காட்டினது ரெண்டு நாள்.

மொட்டையைச் சொன்னேன். சந்தனத்தைச் சொன்னேன். லட்டைச் சொன்னேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இவ்வளவு பக்தியா இருக்கறவன் கொலைகாரனா? ஜனங்க நம்புவாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல நம்புவாங்கம்மா."

டிஷ்ஷைத் திருப்புகிற டிரைவரையும் சொன்னேன். கடைசியில் ஒன்று கேட்டுக்கொண்டேன். "அந்த டிரைவரை மொதலாளியே லாரி ஏத்திக் கொல்றாப்பல வெச்சிடுங்கம்மா."

"ஐயோ, அவன் பாவம் இல்லையா?"

"பாவம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் போட்டார்கள். வில்லன் முதல் மொட்டை போட்ட வாரம் ஊர் அமைதியாக இருந்தது. ரெண்டாவது மொட்டையில் டீக்கடையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது மொட்டைக்குப் பிறகு தோப்புக்காரன் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது. பாவம், அந்த நேரம் பார்த்து அவன் அப்பா செத்துப்போனார். கொள்ளி வைக்க வேண்டியவன் தலையைச் சிரைக்காமல் முடியுமா? சுடுகாட்டில் அவன் குந்தினான், கத்தி தலையில் பட்டது. கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "இது எந்த ஆனைக்குய்யா?" யாரும் அதட்டவில்லை. சிரைக்கிறவர் கை நின்றுபோனது. பாதித் தலையோடு அவன் குனிந்து உட்கார்ந்திருந்ததை உனக்காகவும் சேர்த்து நின்று பார்த்தேன். சாவு வீட்டில் சந்தோஷப்பட்டேன். அதற்கு எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

டிரைவர் லாரியில் அடிபட்டுச் சாகிற வாரம் முடிந்து, மறுநாள் மத்தியானம் அசல் டிரைவர் கோபுரத்துக்கு ஏறி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, டிஷ் திருப்பினதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. மொதலாளிகிட்டகூட சொன்னதில்ல. டிவியில எப்பிடி வந்திச்சி?"

"நான் பாத்தேன்."

அவன் அப்படியே பலகையில் உட்கார்ந்தான். "மொதலாளி நாலு நாளா என்னோட பேசறதில்ல அண்ணா. இன்னிக்கிக் காலையில லாரியைக் கழுவி வெக்கச் சொன்னாரு."

அது வெறும் சீரியல், கதையில் செத்தவன் நீ இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "லாரியைக் கழுவறதா? எதுக்கு?" என்று கேட்டேன். அவன் எட்டிக் கோபுரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். உன் கை ஜெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. நன்றாகப் பயப்படட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம்தான் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன்.

சிரித்த ஆபீசர் மாற்றலாகிப் போயிருந்தார். புது ஆபீசர் ஒரு பெண். சிரிக்காமல் முழுவதையும் எழுதிக்கொண்டார். வேலியில் கரண்டு வைத்தது, ரம்பம், உன் கூரை எல்லாவற்றையும் டிரைவர் கக்கினான். தோப்புக்காரன் வீட்டுப் பூஜை அறையில், சாமிப் பலகைக்கு அடியில், கடைசி ஜோடித் தந்தத்தை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தான். ஜீப்பில் ஏற்றும்போது ஊர் முழுக்க நின்றது. நீ ஏறின அதே இடம். அவன் என்னைப் பார்த்தான். "சாமி பாத்துக்கும்" என்று நான் சொன்னேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஆபீசரம்மா என்னைக் கேட்டார். "நீங்க அன்னிக்கே பாத்தீங்கன்னா, ஏன் அன்னிக்கே சொல்லலை?" உள்ளதைச் சொன்னேன். எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வாரம் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ரொம்பத் தாமதமாக நிறுத்தினார்கள்.

ஆபீசரம்மா தெலுங்கில் எழுதின அறிக்கையின் நகலை உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். உன் மேல் போட்ட வழக்கு பொய் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதியிருக்கிறது. நீ ஜட்ஜ் வாயால் கேட்க ஆசைப்பட்டாய், எழுத்தாலாவது வந்துவிட்டது. உன் பெண்சாதி தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதை அந்த அவசரத்தில் நான் மறந்துவிட்டேன். முதல் பக்கத்தை மட்டும் நான் வாசித்துக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்து, விரலை வைத்து, வரி வரியாக வாசித்தாள். முதல் பக்கத்தில் அழுதாள். ரெண்டாவது பக்கத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் இருந்தது. அங்கே அழுகை நின்றது.

"அண்ணா, அன்னைக்கி மத்தியானமே அவனைப் பாத்தியா நீ?"

"ஆமாம்மா."

"இத்த அன்னைக்கே சொல்லியிருந்தா அவரு உள்ள போயிருக்க மாட்டாரு இல்ல?"

அவள் காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். "தோப்புக்காரனைப் புடிச்சிக் குடுத்துட்டே. உன்னை யாரு அண்ணா புடிச்சிக் குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் எந்த நாளும் அந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு விடிந்ததில்லை. தோப்புக்காரன் மேல் எனக்கு இருந்த வெறி அவன் உள்ளே போனதோடு தீர்ந்துபோகும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. போவதற்கு வேறு இடமில்லாமல் என் பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் கேட்டதற்குப் பதில் தேடித்தான் இத்தனை பக்கம் எழுதினேன். விசாரணையில் உனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பொய் சொன்னவன் நான்தான். வேறு யாரிடமும் போக வழி தெரியவில்லை. என்னை உன்னிடம் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.