எடை பார்த்து வாங்கிய ஸ்பீக்கர்

தூத்துக்குடி
12-8-2024

அன்புள்ள சந்தனத்துக்கு,

நயினார் எழுதுவது. இங்கே நானும் நம் மிளகாய் வத்தல் மண்டியும் இருக்கிறோம். இரண்டில் ஒன்று கொஞ்சம் இளைத்திருக்கிறது. அது நான் இல்லை. அங்கே நீ, மகள் முத்துச்செல்வி, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் எப்படி?

போனில் பேசினால் உனக்கு எட்டுவதில்லை. வாட்ஸ்அப்பில் தட்டலாம் என்றால், என் விரல் தடிமனுக்கு ஓர் எழுத்தைக் கேட்டால் மூன்று எழுத்து வந்து நிற்கிறது. அதனால்தான் இந்தப் பழைய வழி. கொரியர்காரன் கோயம்புத்தூருக்குச் சீக்கிரம் சேர்த்துவிடுவதாகச் சொல்லுகிறான்.

சேதிக்கு வருகிறேன். மார்கழி வெள்ளத்தில் போன டிவிக்குப் பதிலாகப் புதியது வாங்கிச் சுவரில் மாட்டியாயிற்று. படம் கண்ணாடி போல இருக்கிறது. சத்தம்தான் மோசம். இந்தக் காலத்து டிவிக்கு வாய் முதுகில் இருக்கிறது சந்தனம். பேசுவதெல்லாம் சுவருக்குப் போகிறது. எனக்கே பாதிதான் விளங்குகிறது என்றால் உனக்கு என்ன கேட்கும்?

ஆகவே ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறேன். உனக்காகத்தான். வெள்ளத்தில் நனைந்த சரக்கின் நட்டம் இன்னும் தீரவில்லை. இருபதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று எனக்கு நானே கோடு போட்டிருக்கிறேன். ஸ்பீக்கர் கடை ஞானதீபம் நமக்குத் தெரிந்தவன்தானே. ஐந்து ஸ்பீக்கர், கூடவே தரையில் வைக்கிற ஒரு பேஸ் பெட்டி. "மதினி தெருமுக்குல நின்னாலும் கேக்கும் அண்ணாச்சி" என்கிறான்.

பிரசவம் பார்க்கப் போனாய். பேரன் தவழ்ந்து கதவைத் தட்டுகிற போட்டோவையே மாப்பிள்ளை அனுப்பிவிட்டார். உனக்குத்தான் வீட்டு நினைப்பு வரக்காணோம். அண்ணன் மகன் செந்தில்முருகன் கல்யாணம் ஐப்பசியில். அதற்குள் வந்துவிடு.

உன்,
நயினார்

---

கோயம்புத்தூர்
20-8-2024

முத்துச்செல்வி அப்பாவுக்குச் சந்தனச்செல்வி எழுதிக்கொள்வது.

கடிதமும் அதோடு வைத்த கருப்பட்டியும் வந்தன. கருப்பட்டி வழியிலேயே உடைந்து கடிதம் முழுக்க எறும்பு. படித்து முடித்த பிறகுதான் உதறினேன்.

எனக்காக ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். சீரியலில் மாமியார் முழிக்கிற முழியிலேயே என்ன சொல்கிறாள் என்று தெரிந்துவிடும். டாக்டர் கொடுத்த காது மெஷின் டப்பாவிலேயே இருக்கிறது. அதைப் போட்டால் மிக்ஸி பேசுகிறது, ஃபேன் பேசுகிறது, மனிதர்கள் மட்டும் பேசமாட்டேன் என்கிறார்கள்.

பேரனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆனாலும் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் ஆரம்பிப்பான். அவன் சொல்வதில் எதுவும் எனக்குத் தவறுவதில்லை.

வந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எனக்கு நன்றாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முத்துச்செல்வியும் மாப்பிள்ளையும் வருவார்கள். நான் பேரனோடு இங்கேயே இருந்துகொள்கிறேன். அதற்குப் பிறகும் என்ன செய்வது என்று பார்க்கலாம்.

மோரில் உப்பை அள்ளிப் போடாதீர்கள். நான் பார்க்கவில்லை என்றால் பிரஷருக்கும் தெரியாது என்று நினைப்பு.

சந்தனச்செல்வி

---

தூத்துக்குடி
3-9-2024

அன்புள்ள சந்தனத்துக்கு,

"பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். மண்டியில் ஒருவன் என்னிடம் "பார்க்கலாம்" என்றால் அந்த வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். நீயும் அப்படித்தான் எழுதினாயோ என்று கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஸ்பீக்கர் வாங்கியாயிற்று. ஞானதீபம் கடையில் ஒரே விலைக்கு நாலைந்து செட் வைத்திருந்தான். அது இத்தனை வாட்ஸ், இது அத்தனை வாட்ஸ் என்று அட்டைப்பெட்டியைப் படித்துக்கொண்டே போனான். பெட்டியில் அச்சடிக்கக் காசா, பணமா? நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பீரோ, கிரைண்டர் எல்லாம் அப்படித்தானே வாங்கினோம்? ஒரு செட் மட்டும் இடுப்பைப் பிடித்தது. "இதக் கட்டுலே" என்றேன். ஞானதீபமே அசந்துவிட்டான்.

வீட்டில் மாட்டி ஒரு சண்டைப் படம் போட்டோம். முதல் அடியிலேயே காலண்டர் ஆணியோடு கீழே வந்தது. சமையலறையில் நீ அடுக்கிவைத்த எவர்சில்வர் தட்டெல்லாம் தாளம் போட்டன. பக்கத்து வீட்டுப் பிரேமா ஓடிவந்து, "என்ன அண்ணாச்சி, ஹார்பர்ல வெடி வைக்காவளா?" என்று கேட்டாள்.

இனி உனக்குக் கேட்காது என்ற பேச்சே கிடையாது. ரயிலுக்குப் பதிந்துவிடவா? தேதியை மட்டும் எழுது.

உன்,
நயினார்

---

கோயம்புத்தூர்
13-9-2024

முத்துச்செல்வி அப்பாவுக்கு,

கடிதம் படித்து முதலில் சிரித்தேன். மூட்டை கனமாக இருந்தால் "தண்ணி தெளிச்சிருக்கான்வே" என்று ஒதுக்குகிற ஆள் நீங்கள். ஒரு பிடி வத்தலை அள்ளிக் காதோரம் குலுக்கி, உள்ளே விதை சலசலக்கிறதா என்று கேட்காமல் நாம் எந்தக் காலத்திலாவது விலை பேசியிருக்கிறோமா? காதுக்கு வாங்குகிற சாமானை இடுப்பால் பார்த்து வாங்கியிருக்கிறீர்களே!

இடி எனக்கு நன்றாகக் கேட்கும். லாரி கேட்கும். நீங்கள் குறட்டை விடுவதும் கேட்கும். சத்தம் குறையவில்லை, சொல்தான் உடைந்து வருகிறது. பாதி எழுத்து வழியில் உதிர்ந்து மிச்சம்தான் வந்து சேர்கிறது, நீங்கள் அனுப்பிய கருப்பட்டி மாதிரி. அதை இன்னும் பலமாகப் போட்டால் உடைந்ததுதான் பலமாகக் கேட்கும்.

இதையும் எழுதிவிடுகிறேன். நான் இங்கே வருவதற்கு முன் செந்தில்முருகன் நிச்சயதார்த்தத்துக்கு ஆத்தூர் போயிருந்தோமே. சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது உங்கள் அண்ணன் ஏதோ சொன்னார். கூடமே குலுங்கிச் சிரித்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் உங்களிடம், "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, விடுளா" என்றீர்கள். சேலையில் சோறு ஒட்டியிருக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன். பிறகு நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது அல்லவா?

அன்றைக்கு மட்டும் என்றால் மறந்திருப்பேன். நம் வீட்டில் நான் எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் பதில். "ஒண்ணுமில்ல." "பொறவு சொல்லுதேன்." அந்தப் பொறவு வந்ததே இல்லை. நீங்களெல்லாம் பேசப் பேச நான் மெல்ல மெல்ல வாசலுக்கு வெளியே போய்விடுகிற மாதிரி இருக்கிறது. இங்கே ஒரு பச்சைப்பிள்ளை என் முகத்தைத் திருப்பி வைத்துப் பேசுகிறான். நான் எதை விட்டு எதற்கு வர?

ரயிலுக்குப் பதிய வேண்டாம். கோபமாக எழுதவில்லை. உள்ளதை எழுதினேன்.

சந்தனச்செல்வி

---

தூத்துக்குடி
27-9-2024

அன்புள்ள சந்தனத்துக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. சரக்கைப் பார்க்காமல் விலை சொல்லக்கூடாது என்று இருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு காதிலும் பஞ்சை வைத்தேன். சும்மா பஞ்சு போதவில்லை. தேங்காயெண்ணெயில் நனைத்துத் திணித்தேன். அப்படியே மண்டிக்குப் போய் உட்கார்ந்தேன். விளாத்திகுளத்துச் சரக்கு இறங்கியிருந்தது. ஒரு பிடி அள்ளிக் குலுக்கினேன். கை ஆடுகிறது, வத்தல் ஆடுகிறது, விதை பேசவில்லை. அடுத்த மூட்டையிலும் இல்லை. எல்லாமே ஈரச் சரக்கு மாதிரி இருந்தது. வெளியே லாரி திரும்பியது மட்டும் ஜோராகக் கேட்டது. நீ எழுதியது அப்போது விளங்கியது.

கொஞ்ச நேரத்தில் விளாத்திகுளத்து ஆட்கள் நம் கணக்கர் சொரிமுத்துவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னை ஒருத்தன் பார்த்தான். "என்னவே?" என்றேன். சொரிமுத்து கையை ஆட்டி, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பொறவு சொல்லுதேன்" என்றான். காதில் விழவில்லை, வாயைப் பார்த்தே தெரிந்தது. நான் சம்பளம் கொடுக்கிற ஆள்! எடைக்கல்லைத் தூக்கி அவன் மண்டையில் போடலாமா என்று வந்தது. சாயங்காலம் அதே பஞ்சோடு ஞானதீபம் கடைக்குப் போனேன்.

"சண்டைப் படம் வேண்டாம், செய்தி வாசிக்கிறதைப் போடு" என்றேன். அவன் ஏதோ கத்தினான். "கத்தாதலே, நீ கத்துனா பல்லுதான் தெரியுது, பேச்சு விளங்கல" என்றேன். ஒவ்வொரு செட்டாக டிவியில் ஒரு பொண்ணு செய்தி வாசிக்க, நான் எதில் எத்தனை வார்த்தை பிடிபடுகிறது என்று பார்த்தேன். கடையில் கூட்டம் கூடிவிட்டது. கூடட்டும்.

கடைசியில் முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர் மட்டும் போதும் என்று முடித்தேன். முதுகுக்குப் பின்னால் வைக்கிற இரண்டும் வேண்டாம், அந்தப் பேஸ் பெட்டியும் வேண்டாம். ஆறுக்குப் பிரித்துப் போடுகிற பணத்தை மூன்றில் போட்டால் சரக்கு ஒரு படி மேலாகக் கிடைக்கிறது. பஞ்சை எடுத்த பிறகு விளக்கினான், பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருமாம். "இத முதல்லயே சொல்லப்படாதாலே?" என்றேன். "நீங்க எங்க அண்ணாச்சி கேட்டுப் பாத்தீய? தூக்கில்லா பாத்தீய" என்றான். பழைய செட்டைக் கொஞ்சம் குறைத்துத்தான் எடுத்துக்கொண்டான். நான் போட்ட இருபதாயிரம் ரூபாய்க் கோட்டைத் தாண்டிவிட்டேன். போகட்டும்.

நடு ஸ்பீக்கரை உன் நாற்காலிக்கு நேராக, உட்கார்ந்தால் உன் காது இருக்கிற உயரத்தில் வைத்திருக்கிறேன். கூடத்து டியூப்லைட்டையும் இடம் மாற்றிவிட்டேன். அது இத்தனை நாளும் என் முதுகுக்குப் பின்னால் எரிந்தது. நான் பேசும்போது என் மூஞ்சி உனக்கு இருட்டாகத்தான் தெரிந்திருக்கும். இப்போது வெளிச்சம் நேராக என் மேல் விழுகிறது. பார்க்கச் சகிக்காது, ஆனால் வாய் தெரியும்.

இனி பாக்கிச் சரக்கு. ஆத்தூரில் அன்றைக்கு அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன், பெண் வீட்டாரிடம் நம் கதையைச் சொன்னார். நாம் புதிதாகத் தொழில் தொடங்கி விளாத்திகுளம் சந்தைக்குப் போன நாள். நான் துண்டுக்குள் கையை விட்டு வியாபாரியின் விரலைப் பிடித்து விலையை முடிக்கப் போகிறேன். இடுப்பில் முத்துச்செல்வியோடு நின்ற நீ ஒரு பிடி அள்ளிக் குலுக்கிவிட்டு, "இந்த வத்தலு பேச மாட்டேங்கு" என்றாய். "வத்தலு பேசுமாக்கும்?" என்று அவன் எகத்தாளம் பண்ணினான். "காஞ்சா பேசும். விடியக்காலம் நீரு குளிப்பாட்டிக் கூட்டியாந்தா எப்படிப் பேசும்? சளி பிடிச்சிருக்கும்லா" என்றாய். சந்தையே சிரித்தது. நம் முதல் பணம் மொத்தமும் அந்த ஈரச் சரக்கில் போகாமல் நானும் கையை உருவிக்கொண்டேன்.

ஆத்தூரில் கூடம் குலுங்கியது அதற்குத்தான். பெண்ணின் அம்மா, "இவுகதானா அது?" என்று உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சேலையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கடைசியாக அண்ணன் சொன்னது இது: "அன்னைக்கு இவ காது மட்டும் இல்லேன்னா, இன்னைக்கு என் தம்பிக்குக் கடை இல்ல."

நீ "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டது அந்த நேரத்தில்தான். உன் காதைப் பற்றிய பேச்சை உன் காதில் கத்திச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நல்ல வார்த்தையை நான் வைத்துக்கொண்டு, உனக்கு "ஒண்ணுமில்ல"யைக் கொடுத்துவிட்டேன்.

கல்யாண வீட்டில் உன் பக்கத்து நாற்காலி என்னுடையது. யார் என்ன சொல்லிச் சிரித்தாலும் அங்கேயே நிறுத்தி, உன் முகம் பார்த்து உனக்குச் சொன்ன பிறகுதான் மேலே பேசவிடுவேன். செந்தில்முருகன் தாலி எடுக்கும்போது என்றால் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ரயிலுக்குப் பதியவில்லை. நீ வேண்டாம் என்றிருக்கிறாய்.

உன்,
நயினார்

---

கோயம்புத்தூர்
7-10-2024

முத்துச்செல்வி அப்பாவுக்கு,

கடிதத்தைச் சமையலறையில் நின்றே படித்தேன். "சளி பிடிச்சிருக்கும்லா" வந்ததும் சிரித்தேன் பாருங்கள், கரண்டி கீழே விழுந்தது. அந்த வியாபாரி மூஞ்சி எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆத்தூரில் இதைத்தான் சொன்னார்கள் என்று தெரிந்திருந்தால் நான் எவ்வளவு நன்றாகச் சிரித்திருப்பேன்! அன்றைக்குச் சிரித்தது கடன் சிரிப்பு. இன்றைக்குச் சிரித்ததுதான் என்னுடையது.

உங்கள் அண்ணன் கடைசியாகச் சொன்ன வரியை மட்டும் உட்கார்ந்து படித்தேன்.

சத்தம் கேட்டு முத்துச்செல்வி பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா? என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் எனக்கும் வாய் வந்தது. சொல்லவில்லை. அவளை உட்காரவைத்து, துண்டுக்குள் நீங்கள் கையை விட்டதிலிருந்து எல்லாவற்றையும் முழுசாகச் சொன்னேன்.

மாப்பிள்ளை எனக்கு ரயிலுக்குப் பதிந்துவிட்டார். இருபதாம் தேதி காலையில் வந்து இறங்குவேன். காது மெஷினையும் டப்பாவிலிருந்து எடுத்திருக்கிறேன். உங்கள் நடு ஸ்பீக்கரோடு சேர்ந்து என்ன பண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குக் கட்ட அந்த மாம்பழக் கலர்ப் பட்டை வெயிலில் காட்டி வையுங்கள்.

ஸ்டேஷனுக்கு நீங்களே வாருங்கள். பஞ்சை எடுத்துவிட்டு வாருங்கள். நம் இரண்டு பேரில் ஒருவருக்காவது ரயில் வருவது கேட்க வேண்டும்.

உங்கள்,
சந்தனம்