இமைக்குள் தடவிய வெங்காயம்

என் உயிருக்கு நெருங்கிய மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருஷமாகிறது. லகாட் டவுனில் நம் மளிகைக் கடை நன்றாகவே நடக்கிறது. சின்ன வெங்காயத்தை மட்டும் என்னால் கையால் தொட முடியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

மாதத்துக்கு ஒரு நாள் உங்கள் ரப்பர் தோட்டத்துப் பெரட்டில், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து, வரிசையில் நிற்பவர்களின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். வெளுத்திருந்தால் வயிற்றில் புழு, உடம்பில் ரத்தமில்லை என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அதற்கு முதல் நாள் மத்தியானம் நீ கடைக்கு வந்தாய். உன் பெண்சாதி, என் தங்கச்சி, அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

"மூச்சு வாங்குது மச்சான். நாளைக்குப் பிடிச்சிருவாரு. ஆஸ்பத்திரியில படுத்தா வளைகாப்புக்கு எப்படி வாரது?"

நான் ஒரு வெங்காயத்தை நறுக்கி நீட்டினேன். "இமைக்குள்ள லேசாத் தடவிட்டுப் போ. செவந்துக்கும். அத்தனை பேரைப் பார்க்கிறவரு உன்னையா உத்துப் பார்க்கப் போறாரு?"

"நீ கெட்டிக்காரன் லா!" என்று சிரித்தாய்.

டிரஸ்ஸர் உன்னைத் தாண்டிப் போய்விட்டார். வளைகாப்பன்று நீ பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தாய். "மாப்பிள்ளைக்கா மசக்கை?" என்று நானே கேலி செய்தேன். அடுத்த மாதப் பரிசோதனைக்கு, பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாய். மறுபடியும் வெங்காயம். பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள், பால் வாளியோடு மரத்தடியில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

சரக்கை மோந்தே நல்லது கெட்டது சொல்கிறவன் நான். உன் முகத்தைப் பார்த்து எனக்கு ஏன் தெரியவில்லை, மச்சான்?

போன வாரம், பரிசோதனைக்கு முதல் நாள், தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"அண்ணே, அவருக்குக் கொடுத்தீங்களே வெங்காயம், எனக்கும் ஒண்ணு கொடுங்க. பிள்ளையை விட்டுட்டு ஆஸ்பத்திரியில எப்படிப் படுக்கிறது?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அவருதான். எங்க மச்சான் கெட்டிக்காரன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

என் கை கூடைக்குப் போகவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுனாலதான் அவரு போனாரா அண்ணே?"

ஆமென்று தலையசைத்தேன். அவள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் எதையும் தடவாமல் வரிசையில் நின்றாளாம். இப்போது ஆஸ்பத்திரியில் புழு மருந்து குடிக்கிறாள். உன் மகன் இங்கே அரிசி மூட்டைமேல் தூங்குகிறான்.

நேற்றுப் பார்க்கப் போனேன். என்னோடு இன்னும் பேசவில்லை. நான் கிளம்பும்போது, கீழ் இமையைத் தானே இழுத்துக் காட்டினாள். வெளுப்புத்தான், மச்சான். ஆனால் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. இது வெங்காயச் சிவப்பு இல்லை.

இனி பரிசோதனைக்கு முதல் நாள் நம் கடையில் வெங்காயம் கிடையாது. கேட்டு வருகிறவரின் இமையை நான் இழுத்துப் பார்ப்பேன். வெளுத்திருந்தால், நானே கூட்டிக்கொண்டு போய் டிரஸ்ஸர் முன்னால் நிறுத்துவேன். உனக்குச் செய்யாததை, இனி வருகிற ஒவ்வொருவருக்கும் செய்வேன்.

உன் மகனுக்குத் தாய்மாமன்.