சாலையோரம் கசிந்த துருத்தண்ணீர்

ஜூன் 4

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம். சேற்றில் நான் பட்ட பாட்டைப் பார்த்து, உன் ஆபீஸ் சுரங்கக் கழிவுக்கல்லில் சாலை போட்டுப் பார்க்கும் சோதனைக்கு எங்கள் தெருவையே எழுதிக் கொடுத்தாயே! "உன் தங்கச்சி போட்ட ரோடா?" என்று கேட்காத ஆளில்லை. நானும் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

ஆனால் நேற்றைய முதல் மழையில் சாலையோரத்திலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் கசிந்தது. என் பையன் வாண்டு அதில் இறங்கிக் குதித்துவிட்டான். கால்சட்டையில் பட்ட கறை போகவில்லை. அந்தத் தண்ணீர் பொதுக்கிணற்றுப் பக்கம்தான் வடிகிறது. ஒன்றுமில்லை என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

தும்மினாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஆளாச்சே நீ! அந்தக் கல்லை ஊறவைத்து நானே சோதித்தேன். தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. கொஞ்சம் இரும்பு கரைந்திருக்கும், அவ்வளவுதான். வாண்டுவுக்கு என் முத்தம்.

தங்கை

ஜூன் 15

தங்கச்சிக்கு,

வாண்டுவின் காலெல்லாம் தடிப்பு. சாலையோரம் வீங்கி வெடித்திருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சோதித்தது இதே கல்தானா?

அக்கா

ஜூன் 20

அக்கா,

படித்ததும் கிழித்துவிடு. நான் கல் எடுத்தது பழைய குவியலில். பக்கத்தில் இருக்கிறதே என்று எடுத்தேன். பல வருட மழை கழுவிய கல் அது. லாரிகளில் ஏற்றியது புதுக் குவியலை. அதில் கந்தகம் அதிகம். ஈரமும் காற்றும் பட்டால் அமிலம் ஊறும், உலோகங்களும் கரையும். கிணற்றுத் தண்ணீரைத் தொடாதே. கடையில் வாங்கு. மறுசோதனை முடியும்வரை தெருவில் மூச்சு விடாதே. என் வேலை போய்விடும். பயமாக இருக்கிறது அக்கா.

தங்கை

ஜூன் 24

தங்கச்சிக்கு,

கிழித்துவிட்டேன். வாண்டுவுக்குத் தேவலை.

தண்ணீர் கேனோடு வந்தபோது எதிர்வீட்டுக்காரி எதிரே வந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. இடுப்பில் கிணற்றுத் தண்ணீர்க் குடம். "என்னக்கா, திடீர்னு கடைத் தண்ணி?" என்றாள். குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டேன்.

தெருவே கூடிவிட்டது. கிணற்றில் அமிலத் தண்ணீர் இறங்குகிறது என்று சொல்லிவிட்டேன். கிணற்றை மூடியாயிற்று. "யார் சொன்னா?" என்று கேட்டார்கள். "என் தங்கச்சிதான். எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னா" என்றேன். எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தங்கச்சி நல்லா இருக்கணும்கா" என்று அழுதாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேலை போனால் போகட்டும், என் வீட்டில் உனக்கு எப்போதும் சோறு உண்டு. ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து விளக்குவாய் என்று சொல்லியிருக்கிறேன். வந்துவிடு. வராவிட்டால் இனி எனக்குக் கடிதம் போடாதே.

அக்கா